சவேரியார் வழி – 7: கொல்லத்தில் ஓர் அக்டோபர்

பெங்களூரின் பிரேசர் டவுன் பிளேக் பெற்ற பிள்ளை. 1898ஆம் ஆண்டின் கொள்ளைநோய் தண்டுப் பகுதியின் நெருக்கமான தெருக்களைச் சூறையாடிய பிறகு, காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில் மக்களைக் குடியேற்ற வேண்டும் என்ற திட்டத்தில் எழுந்த ஊர். 1906இல் அடிக்கல் நாட்டினார்கள். மைசூர் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைச் சூட்டினார்கள். பிறகு புலிகேசி நகர் என்று மாற்றியும், ஆட்டோக்காரர் வாயில் அது இன்றும் பிரேசர் டவுன்தான்.

இந்த வட்டாரத்தில் எங்கே திரும்பினாலும் வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர்கள். ஆனால் பிரேசர் டவுனை ஒட்டியிருக்கும் கருங்கல் பேராலயத்தின் பெயர் அவர்களுக்கு முந்நூறு ஆண்டுகள் மூத்தது. புனித பிரான்சிஸ் சவேரியார். 1851இல் எழுந்த பழைய கோயிலின் இடத்தில், 1932இல் முடிந்த கட்டடம் அது. உள்ளே இன்றும் தமிழில் பூசை நடக்கிறது.

சவேரியார் பெங்களூரைப் பார்த்தவர் இல்லை. அவர் கோவாவில் கரையிறங்கிய 1542இல், கெம்பே கவுடர் கட்டிய மண்கோட்டைக்கு வயது ஐந்து. பிறகு அந்தப் பெயரும் தமிழ் ஜெபமும் இங்கே வந்தது எந்த வழியாக? அந்த வழியைத்தான் இத்தொடரில் பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிறோம்.

இதுவரை

1530களின் தொடக்கம். தெற்குத் தமிழ்க் கரையான முத்துக்குளித்துறையின் பரதவருக்கும், முத்து வாணிகத்தில் கை ஓங்கியிருந்த முஸ்லிம் வணிகர்களுக்கும் பகை முற்றுகிறது. கள்ளிக்கோட்டைக் குதிரை வணிகர் ஜோவாம் தா குரூஸ் ஒரு வழி சொல்கிறார்: போர்த்துகீசியரிடம் போங்கள்; அவர்கள் மதத்தில் சேருங்கள்; அவர்கள் கப்பல்கள் உங்களைக் காக்கும்.

1535இல் பரதவரின் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வேம்பாறு முதல் மணப்பாடு வரை ஊர் ஊராக மதம் மாறியது. 1538இல் வேதாளைக் கடலில் மரைக்காயர் படையைப் போர்த்துகீசியர் தோற்கடித்தபோது ஒப்பந்தத்தின் மறுபாதியும் நிறைவேறியது.

மதம் மாறினார்கள். ஆனால் எதற்கு மாறினோம் என்று சொல்லித்தர ஆளில்லை. 1542 இறுதியில் வந்த சவேரியார் கைமணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். கரையின் தமிழர்களைக் கூட வைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார், செய்வித்தார். அந்தத் தமிழில் பிழைகள் இருந்தது பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் அவர் மலாக்காவுக்கும் ஜப்பானுக்கும் கிளம்பிவிட்டார்.

மனப்பாடத்தில் மட்டும் ஒரு மதம் எத்தனை காலம் நிற்கும்? போன வாரம் அங்கேதான் நிறுத்தினோம்.

\*\*\*

பிறப்பு தடுத்த மனிதர்

1546. கோவாவில் கப்பலிலிருந்து இறங்குகிறார் இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர். பெயர் அன்ரீக்கே அன்ரீக்கஸ். போர்ச்சுகலின் விலா விசோசாவில் பிறந்தவர். உலகின் மறுகோடிக்கு இவர் வந்ததன் பின்னால் பக்தியோடு ஒரு காயமும் இருந்தது.

1497இல் போர்ச்சுகல் மன்னர் மனுவேல் தம் நாட்டு யூதர்களை வலுக்கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கினார். அப்படி மாறியவர்களுக்குப் ‘புதுக் கிறிஸ்தவர்கள்’ என்று பட்டம். பேரன் காலத்திலும் அந்தப் பட்டம் போகாது. 1536இல் அங்கே விசாரணை மன்றம் வந்த பிறகு, வெள்ளிக்கிழமை மாலையில் விளக்கேற்றினாலே சந்தேகம்.

அன்ரீக்கஸின் குடும்பம் அந்த மரபில் வந்தது. பிரான்சிஸ்கன் துறவியாக முயன்றார். யூத வம்சம் என்று தெரிந்ததும் வெளியேற வேண்டியதாயிற்று.

அந்தக் காலத்தில் கதவைத் திறந்து வைத்திருந்தவர்கள் புதிதாக எழுந்த இயேசு சபையினர். 1540இல்தான் போப்பின் ஒப்புதல் பெற்றிருந்த சபை. அதை நிறுவிய இக்னேசியஸ் லொயோலா வம்சம் பார்க்க மறுத்தவர். 1545இல் கொயிம்பிராவில் சபையில் சேர்ந்த அன்ரீக்கஸ், அடுத்த ஆண்டே இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்.

1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், வந்த இடத்திலேயே கிடந்தார். ஐம்பத்து மூன்று ஆண்டுகள்.

\*\*\*

வேதாளையில் ஒரு நாள்

திருப்பம் 1549இல் வந்தது.

அப்போது கரைப் பணிக்குத் தலைவர் அந்தோணியோ கிரிமினாலி, இத்தாலியர். இராமேசுவரத்துக்கு எதிரே வேதாளையில் வடுகர் படை திடீரென்று பாய்ந்தது. விஜயநகரத்தின் கீழ் மதுரையில் நாயக்கர் கை வலுத்துவந்த காலம் அது. கடலோரத்தின் வரி யாருக்கு, முத்தின் பங்கு யாருக்கு என்ற இழுபறியில் குடிசைகள்தான் முதலில் எரியும்.

மக்கள் தோணிகளை நோக்கி ஓடினார்கள். கிரிமினாலி ஏறவில்லை. பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தவரை ஈட்டிகள் சாய்த்தன. இயேசு சபையில் இப்படி உயிர்விட்ட முதல் ஆள் அவர்.

அடுத்த தலைவர் யார்? கோவாவிலிருந்து உத்தரவு வரும் வரை காத்திருக்க நேரமில்லை. கரையிலிருந்த குருக்கள் தங்களுக்குள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். அன்ரீக்கஸ்.

வம்சத்தைக் காட்டி ஒரு சபை வெளியே அனுப்பிய மனிதரை, பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் தலைவராக்கினார்கள். காரணம் எளிது. அந்தக் கரையில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தமிழ் பேசி, படித்து, எழுதத் தெரிந்த ஐரோப்பியக் குரு அவர். அதைச் சவேரியாரே பாராட்டிக் கடிதம் எழுதியிருந்தார்.

அவர் தமிழ் கற்ற விதம் அந்தக் காலத்து ஐரோப்பாவின் முத்திரை பதிந்தது. மறுமலர்ச்சிக் காலக் கல்லூரிகள் லத்தீனையும் கிரேக்கத்தையும் வேற்றுமை, காலம், இடம் என்று பிரித்துப் பட்டியல் போட்டுக் கற்பித்தன. அதே சட்டகத்தை அன்ரீக்கஸ் மீனவர் பேச்சின்மேல் வைத்தார். நன்னூல் போன்ற இலக்கணங்கள் தமிழில் இருந்தன. அவை செய்யுளில் இருந்தன, ஆசிரியர் மடியில் கற்க வேண்டியவை. இவருக்குக் கிடைத்த ஆசிரியர்கள் முத்துக்குளிப்பவர்களும் உபதேசியார்களும் கணக்கப்பிள்ளைகளும்.

1549 வாக்கில் அவர் போர்த்துகீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம், ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம். அது அச்சேறவில்லை. கையெழுத்துப் படி லிஸ்பன் நூலகத்தில் நானூறு ஆண்டுகளுக்கு மேல் தூங்கி, 1982இல்தான் பதிப்புக் கண்டது. அன்று யாரும் பாடநூலில் ஏற்ற நினைக்காத பதினாறாம் நூற்றாண்டுக் கடலோரப் பேச்சுத் தமிழின் சுவடு அதில் பதிந்துகிடக்கிறது.

\*\*\*

வழி தவறிய அச்சு

இப்போது கதை கடல் தாண்டிப் போக வேண்டும்.

1517இல் லூத்தர் ஜெர்மனியில் எழுப்பிய கலகம் அச்சு இல்லாமல் அவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது. கத்தோலிக்கத் திருச்சபை பதில் தேடக் கூடிய திரெந்து மாமன்றம் 1545 முதல் 1563 வரை விட்டு விட்டு நடந்தது. அங்கே பிறந்த உறுதிகளில் ஒன்று: எல்லா ஊரிலும் ஒரே போதனை, ஒரே சொல். கைப்பிரதியில் அது நடக்காது. எழுதுகிறவன் கை மாற மாற வரி மாறும்.

எதிரியின் ஆயுதத்தையே ரோமும் கையில் எடுத்தது.

தமிழுக்கான முதல் முயற்சி தமிழ்நாட்டில் நடக்கவில்லை. 1554இல் லிஸ்பனில் தமிழ் ஜெபப் புத்தகம் ஒன்று அச்சானது. அதைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் அங்கிருந்த மூன்று தமிழர்கள்: வின்சென்டே தெ நசரே, ஜோர்ஜே கார்வாலோ, தோமா தா குரூஸ். ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர்களைத் தவிர அவர்களைப் பற்றி வரலாறு அதிகம் பேசவில்லை.

அந்தப் புத்தகத்தில் ஒலி தமிழ், எழுத்து ரோமன். படிக்கப்போகிறவர் போர்த்துகீசியக் குரு, கேட்கப்போகிறவர் தமிழர். தூத்துக்குடிப் பரதவர் கையில் அதைக் கொடுத்தால் ஒரு வரி விளங்காது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1556இல், அச்சு இயந்திரமே இந்தியாவுக்கு வந்தது. வந்தது என்பதைவிட, மாட்டிக்கொண்டது என்பதே சரி. அது அபிசீனியாவுக்குப் போக வேண்டிய இயந்திரம். வழியில் கோவாவில் இறங்கியது, பயணம் தொடரவில்லை. கூடவே வந்த ஜுவான் தெ புஸ்தமாந்தே அதை அங்கேயே ஓட்டத் தொடங்கினார்.

கோவா அப்போது இரண்டு முகம் கொண்ட நகரம். 1563இல் அங்கே அச்சான கார்சியா தெ ஓர்தாவின் மருந்து மூலிகை நூல், இந்தியச் செடிகொடிகளை ஐரோப்பிய அறிவுலகுக்கு அறிமுகம் செய்தது. கண்ணால் பார்த்ததை நம்பு, பழைய நூல் சொன்னதற்காக நம்பாதே என்ற புதுக் காலத்தின் குரல் அதில் இருக்கிறது.

அதே கோவாவில் 1560 முதல் விசாரணை மன்றமும் இருந்தது. ஓர்தாவும் புதுக் கிறிஸ்தவர். அவர் இறந்த மறு ஆண்டு, 1569இல், அவர் தங்கை உயிரோடு எரிக்கப்பட்டார். 1580இல் ஓர்தாவின் எலும்புகளையே தோண்டியெடுத்து எரித்தார்கள்.

இந்த நகரத்தில்தான் தமிழ் எழுத்தை உலோகத்தில் வார்க்க முதல் உலை மூட்டப்பட்டது. நூலுக்கு உரியவர் இன்னொரு புதுக் கிறிஸ்தவர்.

\*\*\*

எழுத்துக்கு உடல்

1576 வரை கரையின் தலைமையைச் சுமந்த அன்ரீக்கஸ் அந்தப் பொறுப்பிலிருந்து விடுபட்டு எழுத்தில் இறங்கினார். பக்கத்தில் இன்னொருவர் இருந்தார்: பெரோ லூயிஸ். கொல்லத்துப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவராகி, 1561இல் இயேசு சபையில் சேர்ந்தவர். சபையில் சேர்ந்த முதல் இந்தியர். அவருக்குப் பின் நெடுங்காலம் வேறொரு இந்தியருக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

பணம்? ரோமோ லிஸ்பனோ முழுதாகத் தரவில்லை. பரதவர்கள் கொடுத்தார்கள். முத்தும் சங்கும் மீனும் விற்ற காசு.

உலையடியில் உட்கார்ந்தவர் ஜோவாம் கொன்சால்வஸ், உலோக வேலை தெரிந்த ஸ்பானிய சகோதரர். தமிழ் அவருக்குத் தாய்மொழி இல்லை. எழுத்து அவருக்கு வெறும் கோடும் வளைவும்தான். ஓலையில் எழுத்தாணி இழுத்த சுழிகளைக் கத்தியால் செதுக்கி, அச்சு எடுத்து, உருக்கி ஊற்ற வேண்டும். ஐரோப்பிய எழுத்துக்கு ஒரு சின்னப் பெட்டி போதும். தமிழில் உயிர்மெய்களின் கூட்டத்தைப் பார்த்தாலே வார்ப்பவருக்குத் தலை சுற்றியிருக்கும்.

1577இல் கோவாவில் ஒரு தொகுதி தயாரானது. மறு ஆண்டு கொல்லத்தில் ஜோவாம் தெ ஃபாரியா இன்னொரு தொகுதி வார்த்தார்.

ஏன் கொல்லம்? புன்னைக்காயலிலும் தூத்துக்குடியிலும் அடுத்த படையெடுப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 1565இல் தலைக்கோட்டையில் விஜயநகரம் சரிந்த பிறகு தெற்கில் யார் யாருக்கு அடங்கியவர் என்பதே குழப்பம். கொல்லத்தில் போர்த்துகீசியக் கோட்டை இருந்தது, சபையின் கல்லூரி இருந்தது, தமிழ்க் கரைக்கு அது கோவாவைவிடக் கிட்டவும் இருந்தது.

1578 அக்டோபர் 20.

கொல்லத்துக் கல்லூரியின் அச்சுக்கூடத்தில் பதினாறு பக்கங்கள் கொண்ட ஒரு சின்னப் புத்தகம் முடிந்தது. ‘தம்பிரான் வணக்கம்’. உள்ளங்கையை விடச் சற்றே பெரிது. உள்ளே அடிப்படை ஜெபங்களும் போதனைகளும். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தை வார்த்து அச்சிட்ட முதல் புத்தகம் அதுதான். இயேசு சபையின் அச்சு ஜப்பானைத் தொட இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் பாக்கி.

கடைசிப் பக்கத்தில் ஒரு விசித்திரம். கோவாவில் 1577இல் செய்த எழுத்து, கொல்லத்தில் 1578இல் செய்த எழுத்து என்று இரண்டு தொகுதிகளின் மாதிரியையும் அச்சிட்டிருக்கிறார்கள். ஜெபப் புத்தகத்தில் அதற்கு வேலையில்லை. செய்த கைகள் தங்கள் தொழிலைக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டிருக்கின்றன. இன்று அறியப்பட்ட படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

\*\*\*

யார் கண்ணுக்கு?

அந்தப் பக்கங்களை இன்றைய தமிழ் வாசகர் சட்டென்று படித்துவிட முடியாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை இல்லை. காலும் ரகரமும் ஒரே உரு.

இது வார்த்தவர்களின் பிழை இல்லை. ஓலையில் புள்ளி குத்தினால் நரம்பு கிழியும் என்று எழுதுகிறவர்கள் அதைத் தவிர்த்தார்கள். அச்சு ஓலையை அப்படியே பின்பற்றியது. குறிலையும் நெடிலையும் தெளிவாகப் பிரிக்கும் சீர்திருத்தத்துக்கு, பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வரும் வரை தமிழ் காத்திருந்தது.

ஆனால் கரையில் யாருக்கும் அது தடையாக இருந்திருக்காது. சவேரியார் காலத்திலிருந்து ஒரு தலைமுறைக்கு மேல் வாயில் ஓடிய ஜெபங்கள் அவை. உபதேசியார் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து அவருக்கு அடியெடுத்துக் கொடுக்கும். மிச்சத்தை நாக்கு அறியும். வேம்பாற்றிலும் மணப்பாட்டிலும் ஒரே வரியைச் சொல்லவைப்பதே அச்சின் வேலை. திரெந்தில் ஆயர்கள் கேட்டது புன்னைக்காயல் மணலில் நடந்தது.

லிஸ்பன் புத்தகத்துக்கும் கொல்லத்துப் புத்தகத்துக்கும் இடையில் இருபத்து நான்கு ஆண்டுகள். முன்னது குருவின் கண்ணுக்காக அச்சானது. பின்னது தமிழ் படிக்கிறவரின் கண்ணுக்காக. காப்புக் கேட்டுக் கொச்சிக்குப் போன ஒரு சமூகம், நாற்பது ஆண்டுகளில் தன் காசைப் போட்டுத் தன் எழுத்தில் புத்தகம் போடவைத்தது. ஐரோப்பா கொடுத்த கொடை என்று மட்டும் இதை எழுதிவிட்டுப் போகிறவர்கள் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை மறைக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் மறைகிறது. அந்தப் புத்தகத்தை எழுதியவரை ஒரு துறவற சபை வம்சம் காட்டி அனுப்பியிருந்தது. துணை நின்ற இந்தியருக்குப் பின் அவர் சபையிலேயே இந்தியருக்குக் கதவு சாத்தப்பட்டது. மறுமலர்ச்சி மனிதனைப் போற்றிய காலம் என்று பாடம் படிக்கிறோம். மனிதனின் இரத்தத்தை ஆராய்ந்த காலமும் அதுவே. தமிழ் அச்சு அந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்தது.

\*\*\*

சாத்திய கதவு

கொல்லத்தோடு நிற்கவில்லை. 1579 நவம்பரில் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. கேள்வியும் பதிலுமாக, நூறு பக்கங்களுக்கு மேல். 1586இல் அன்ரீக்கஸின் பெரிய நூல், புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் ‘ஃபிளோஸ் சாங்தோரம்’, அறுநூறு பக்கங்களைத் தாண்டியது. இந்த முறை அச்சுக்கூடம் கேரளக் கரையில் இல்லை. முத்துக்குளித்துறைக்கே, புன்னைக்காயலுக்கே வந்துவிட்டது. பதினாறு பக்கத்திலிருந்து அறுநூறுக்கு எட்டு ஆண்டுகள்.

பிறகு வேகம் நின்றது.

1593இல் ரோமில் கூடிய இயேசு சபையின் பொதுப்பேரவை ஒரு தீர்மானம் போட்டது: யூத வம்சத்தினரை இனிச் சபையில் சேர்ப்பதில்லை. இக்னேசியஸ் திறந்துவைத்த கதவை அவர் வாரிசுகளே சாத்தினார்கள். அன்ரீக்கஸ் அப்போது எழுபத்து மூன்று வயதில் புன்னைக்காயலில் இருந்தார். அதே கதவு 1545இல் சாத்தியிருந்தால் கொல்லத்துப் புத்தகத்துக்கு ஆசிரியர் இருந்திருக்க மாட்டார்.

1600இல் அவர் புன்னைக்காயலில் இறந்தார். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

கோவாவில் தமிழ் எழுத்துக்கு உலை மூட்டிய அதே 1577இல், இத்தாலியில் ஒரு பிரபுக் குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்திருந்தது. பெயர் ராபர்ட் தெ நோபிலி. 1606இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்து தமிழ் கற்று, அங்கிருந்து மதுரைக்குப் போனார். காவி உடுத்தினார். ‘பறங்கி மார்க்கம்’ என்று ஊர் ஒதுக்கியதிலிருந்து விலகி நின்றார். உரைநடையில் நூல் நூலாக எழுதிக் குவித்தார்.

அவற்றில் ஒன்றுகூட அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. படியெடுத்துப் படியெடுத்துக் கையெழுத்தாகவே சுற்றின.

அன்ரீக்கஸின் புத்தகங்கள் புழங்கிய கரையில் தமிழ் கற்ற மனிதர், அச்சை விட்டுக் கையெழுத்துக்கு ஏன் திரும்பினார்? அச்சுப் புத்தகத்திலேயே பறங்கி வாடை அடிப்பதாக மதுரை நினைத்ததா? ஓலையில் இல்லாததை நூலென்று ஏற்க அந்த ஊர்ப் புலமை மறுத்ததா? அல்லது, பரதவர் காசில் ஓடிய அச்சுக்கூடம் அதற்குள் வேறு காரணத்தால் ஓய்ந்துவிட்டதா?

(அடுத்த வாரம்)